அக்காவைத் தொடாத நாள்

அக்காவைப் பேட்டி காண வருகிறவர்கள் எல்லோரும் கிளம்பும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் நீந்தியதிலேயே கஷ்டமான போட்டி எது, மேடம்? அக்காவும் அலுக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள். வடக்கே ஏதோ ஒரு ஊரில், மார்கழிக் குளிரில், காய்ச்சலோடு குதித்து, தேசிய அளவில் முதல் தங்கம் வாங்கிய கதை. வந்தவர்கள் கண்ணை விரித்துக்கொண்டு எழுதிக்கொள்வார்கள். காபி டம்ளரை எடுக்கிற சாக்கில் நான் அந்தப் பக்கம் போய் அவள் முகத்தைப் பார்ப்பேன். என் பக்கம் திரும்பவே மாட்டாள், கள்ளி.

கஷ்டமான போட்டி அது இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது நடந்தது இங்கேதான், திருச்சியில், காஜாமலைப் பக்கம் இருக்கிற நீச்சல் குளத்தில். ஆனால் அதைப் பேப்பரில் போட முடியாது. போட்டால் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வீட்டுப் படி ஏற மாட்டார்கள்.

இன்றைக்கு அக்காவுக்கு அலமாரி கொள்ளாத பதக்கம் இருக்கிறது. நீச்சலால் கிடைத்த அரசாங்க வேலை இருக்கிறது. காலையிலும் மாலையிலும் விசிலும் கையுமாகக் குளத்தங்கரையில் நின்று பிள்ளைகளை விரட்டி விரட்டித் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருகிறாள். அன்றைக்கு அவளுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. ஸ்ரீரங்கத்தில், கீழ உத்திர வீதியில், அப்பா, அம்மா, நாங்கள் இரண்டு பேர். அப்பா பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருத வாத்தியார். விடியற்காலையில் கோயிலுக்குப் போய் கோஷ்டியில் நின்று பாசுரம் சொல்லிவிட்டு வந்துதான் பள்ளிக்கூடத்துக்கே கிளம்புவார்.

அக்கா நீச்சல் கற்றது காவேரியில். அம்மா மண்டபத்துப் படித்துறையில் அவள் இடுப்பில் துண்டைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அப்பா நிற்பாராம். ஆற்றில் நேராக ஒரு இடத்துக்குப் போக வேண்டுமென்றால் நேராக நீந்தினால் ஆகாது. தண்ணீர் கீழே இழுக்கும். கொஞ்சம் மேல்பக்கமாகக் குறி வைத்து நீந்தினால்தான் போக வேண்டிய இடத்தில் கரையேறலாம். அது அவள் உடம்பில் ஊறிவிட்டது. முதல்முதலில் குளத்தில் இறக்கிவிட்டபோது இடது பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து போய்க் கயிற்றில் முட்டிக்கொண்டாள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து வருகிற கோச் தலையில் அடித்துக்கொண்டார். இது காவேரி இல்லம்மா, தண்ணி எங்கயும் ஓடல, நேரா போ என்று அவர் கத்தியதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் பல நாள் சிரித்திருக்கிறோம். அப்புறம் நேராகப் போகப் பழகிவிட்டாள். பயந்தால் மட்டும் பழைய புத்தி வந்துவிடும், இடது பக்கம் ஒதுங்குவாள்.

இன்னொன்று அவள் கூந்தல். இடுப்புக்குக் கீழே தொங்கும். வெட்டிவிடு என்று கோச் கெஞ்சாத நாள் இல்லை. முடியாது என்றால் முடியாதுதான், யார் சொல்லியும் கேட்க மாட்டாள். அதனால் ஒவ்வொரு தடவை குளத்தில் இறங்குவதற்கு முன்னாலும் ஒரு பெரிய வேலை உண்டு. பின்னலைச் சுருட்டி உச்சியில் வைத்துப் பிடித்துக்கொண்டு அவள் குனிவாள். நான் பெஞ்சு மேல் ஏறி நின்று ரப்பர் தொப்பியை இரண்டு கையாலும் விரித்து, அப்படியே அவள் தலையில் இறக்குவேன். பிறகு நீச்சல் கண்ணாடியை மாட்டி, அதன் மேல் இரண்டாவது தொப்பி. இதை என்னைவிட்டால் வேறு யாராலும் செய்ய முடியாது. அம்மா செய்தால் காதைக் கிழித்துவிடுவாள். எங்கள் வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பதவி அதுதான், அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

இப்போது பெரிய தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் பெரியப்பா. மேலச் சித்திரை வீதியில் இருந்தார். எங்கள் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு விஷயத்தில் அவர்தான் ஹைகோர்ட். யார் போனால் யாருக்கு எத்தனை நாள், எங்கே பிறந்த குழந்தைக்கு எங்கே விருத்தி, அதாவது பிறப்புத் தீட்டு, என்று விரலை மடக்கி ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அமெரிக்காவிலிருந்தெல்லாம் போன் வரும். சட்டம் என்னவோ சின்னதுதான். பங்காளி போய்விட்டார் என்ற செய்தி காதில் விழுந்தால் தீட்டு. விழாதவரை ஒன்றுமில்லை. விழுந்துவிட்டால் அந்த நிமிஷமே கட்டின துணியோடு தலை முழுக வேண்டும். பிறகு பத்து நாளைக்குக் கோயில் கிடையாது, நாலு பேர் கூடுகிற இடம் கிடையாது, அசலாரைத் தொடக் கூடாது.

முந்தின வருஷம் அது அக்கா தலையில்தான் விடிந்தது. சென்னையில் தேர்வுப் போட்டி. ரயிலுக்கு டிக்கெட் எடுத்து, பை கட்டி, புளியோதரை கூடக் கிளறியாகிவிட்டது. கிளம்புகிற அன்றைக்குத் தொட்டியத்தில் வாழைத்தோப்பு வைத்திருந்த ஒரு பங்காளி போய்விட்டார் என்று போன் வந்தது. அக்கா அவரைப் பார்த்ததுகூட இல்லை. அப்பா அந்தப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய தாத்தாவிடம் ஓடினார். நானும் கூடப் போனேன். ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். பெரிய தாத்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சுடுத்தோல்லியோ, அப்பறம் என்ன கேள்வி? தெரியாம இருந்திருந்தா, பேஷா போயிட்டு வாங்கோன்னு நானே சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். அக்கா பையைப் பிரித்து எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்தாள். அப்பாவோடு பேச்சில்லை. பத்து நாளும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி மூச்சடக்கிப் பழகினாள். அழுகிறாளா பழகுகிறாளா என்று வெளியே நிற்கிற எங்களுக்குத் தெரியாது. அம்மா அடுப்படியில் பாத்திரத்தை நங்நங்கென்று வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

அடுத்த வருஷம் மாநிலப் போட்டி திருச்சியிலேயே நடந்தது. முதல் இரண்டு இடத்தில் வந்தால் தமிழ்நாட்டு அணியில் சேர்த்துக்கொள்வார்கள், தேசியப் போட்டிக்குப் போகலாம். அந்த வயதுப் பிரிவில் அவளுக்கு அது கடைசி வருஷம். இதையும் விட்டால் பெரிய பெண்களோடு மோத வேண்டும், அதற்குள் பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்துவிடும். இந்தத் தடவை ஆகவில்லையென்றால் நீச்சலும் போதும் ஒன்றும் போதும் என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அக்கா பாட்டுக்குத் தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து முதல் பஸ் பிடித்துக் குளத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

போட்டியன்று காலை கோஷ்டிக்குப் போன அப்பா போன சூட்டோடு திரும்பி வந்தார். கூட்டம் தாங்கவில்லை என்றார். எதற்காக வாசலிலேயே நிற்கிறார் என்று பார்த்தால், ஆட்டோ வந்தாகிவிட்டது, எல்லோரும் ஏறுங்கள் என்று விரட்டினார். கிளம்புவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அம்மா ஏன் என்று கேட்கவில்லை. பூஜை அறைப் பெருமாளை வெளியில் நின்றே சேவித்துவிட்டு வாங்கோ என்று எங்களிடம் சொன்னாள். ஆட்டோவில் நான் நச்சரிப்பதற்கு முன்னால் அவளாகவே தன் போனை எடுத்து, இந்தா, கேம் ஆடிக்கோ, நீயே வெச்சுக்கோ என்று என் கையில் கொடுத்தாள். மற்ற நாளில் கழுத்தில் கத்தி வைத்தாலும் அந்தப் போனைக் கொடுக்க மாட்டாள். இன்று நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காவேரிப் பாலத்தில் நிறைய வண்டிகள். ஆவணி மாதம், ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். அக்கா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.  போட்டி பயம் என்று நினைத்தேன்.

குளத்தில் ஜனமான ஜனம். எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்திருந்தார்கள். கோச் ஓடி வந்து அப்பாவிடம் கையை நீட்டினார். அப்பா இரண்டடி பின்னால் போய்க் கும்பிடு போட்டார். கேலரியில் அப்பா ஒரு கோடியில் தூணோரமாகப் போய் உட்கார்ந்தார், அம்மா இன்னொரு கோடியில். நடுவில் நான், என் கையில் போன். அக்கா துணி மாற்றப் போய்விட்டாள். அவள் போட்டிக்கு இன்னும் நேரம் இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. கேம் ஆடிக்கொண்டிருந்த விரல், எடுத்துவிட்டது. பெரிய தாத்தா வீட்டு மாடியில் குடியிருக்கிற மாமி. நான் ஹலோ சொன்னதுதான் தாமதம், கடகடவென்று கொட்டிவிட்டாள்.

"எத்தனை தரம்டீம்மா பண்றது, உங்காத்துல ஒருத்தரும் எடுக்கவே மாட்டேங்கறேளே? பெரியவர் விடிகாலைல ஆசார்யன் திருவடி சேர்ந்துட்டார். பெங்களூர்லேர்ந்து பிள்ளை வரணும், எடுக்கறதுக்குச் சாயங்காலம் ஆயிடும். அப்பாகிட்ட சொல்லிடு."

வைத்துவிட்டாள்.  ஸ்ரீரங்கத்துக் குழந்தைக்கு அதற்கு அர்த்தம் தெரியாமல் இருக்குமா? பெரிய தாத்தா செத்துப்போய்விட்டார். என் காதில் விழுந்துவிட்டது. எனக்குத் தீட்டு வந்துவிட்டது.

முதலில் அவரை நினைத்துத்தான் அழுகை முட்டியது. எனக்கு அவர் பல்லி மிட்டாய் கொடுப்பார். ஆனால் அடுத்த நிமிஷமே போன வருஷத்து வாளி ஞாபகம் வந்தது, அழுகை அப்படியே நின்றுவிட்டது. அப்பாவிடம் சொன்னால் அவர் எழுந்துவிடுவார். நேராகக் குளத்தங்கரைக்குப் போய் அக்காவை அழைத்துக்கொண்டு ஆட்டோ ஏறிவிடுவார். அதற்கப்புறம் அக்கா இந்த ஜன்மத்தில் யாரோடும் பேச மாட்டாள். தெரியாதவரை ஒன்றுமில்லை என்று பெரிய தாத்தாவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார், நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ஆகையால் தெரியக் கூடாது. யாருக்கும் தெரியக் கூடாது.

போன் மறுபடி அடித்தது. பக்கவாட்டில் இருந்த பட்டனை, போன் உயிரை விடும்வரை அழுத்திப் பிடித்தேன். திரை கறுப்பானது. அம்மா பக்கம் பார்த்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் யாருக்காவது போன் பேசாவிட்டால் தலை வெடித்துவிடும் அவளுக்கு. அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுப் போனைக் கேட்கவே இல்லை. அப்பாவிடமும் போன் இருக்கிறதே என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் சட்டைப் பை சத்தமே போடவில்லை. பெருமாள் நம் பக்கம் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது, அது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. நான் இன்னும் தலை முழுகவில்லை. இப்படியே போய் யாரைத் தொட்டாலும் அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டுவிடும். செய்தி காதில் விழாமலே, வெறும் தொடுகையில் அக்கா தீட்டாகிவிடுவாள். அப்படித்தான் என் ஒன்பது வயது மூளை கணக்குப் போட்டது. கையை இடுக்கிக்கொண்டு, பாவாடையை ஒடுக்கிக்கொண்டு, யார் மேலும் படாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து என்னை மடியில் இழுத்துக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது. நல்லவேளை, அவள் தன் இடத்தைவிட்டு அசையவில்லை.

அக்கா உடை மாற்றும் அறை வாசலில் நின்று கையசைத்தாள். தொப்பி!

எழுந்து போனேன். போகாமல் இருந்தால் அம்மா போவாள். அறைக்குள் ஏழெட்டுப் பெண்கள் கையையும் காலையும் உதறிக்கொண்டு நின்றார்கள். அக்கா பின்னலைச் சுருட்டி உச்சியில் பிடித்துக்கொண்டு எனக்காகக் குனிந்தாள். இரண்டு தொப்பியும் பெஞ்சு மேல் இருந்தன. நான் வாசற்படியைத் தாண்டவில்லை.

ஏறு என்றாள். நான் நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கை வலிக்கிறது என்றேன். எப்போதிருந்து வலிக்கிறது என்றாள். பேந்தப் பேந்த விழித்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? வாடி, நேரமாச்சு."

நான் ஓரடி பின்னால் வைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையில் கறுப்பாகக் கிடந்த போனைப் பார்த்தாள்.  என்னை ஓங்கி அறையப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"சரி. நீ தள்ளியே நில்லு. நான் பாத்துக்கறேன்."

அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. கோபம் என்று நினைத்தேன். தானே ஒரு கையால் பின்னலைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் தொப்பியை இழுத்தாள். அது நெற்றியில் ஏறும், பின்னால் வழுக்கிக்கொண்டு வரும். மறுபடி இழுப்பாள். பின்னல் அவிழ்ந்து தோளில் விழும். பக்கத்தில் நின்ற மதுரைப் பெண்ணொருத்தி பாவம் பார்த்து, நான் போட்டு விடட்டுமா என்று கையை நீட்டினாள். அக்கா சட்டென்று விலகி, வேண்டாம், வேண்டாம், என்னைத் தொடாதே என்றாள். அந்தப் பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. இவளுக்கு என்ன இவ்வளவு திமிர் என்று எனக்கே இருந்தது. வெளியே அவள் போட்டிக்கு விசில் ஊதிவிட்டார்கள். பின்னலில் பாதிதான் உள்ளே போயிருந்தது, பின்னந்தலையில் பெரிய எலுமிச்சங்காய் அளவுக்கு உப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியை அதன் மேலேயே மாட்டிக்கொண்டு ஓடினாள். இரண்டாவது தொப்பி பெஞ்சிலேயே கிடந்தது.

இருநூறு மீட்டர். குளத்தின் நீளத்தை நாலு தரம் நீந்த வேண்டும். கேலரிக்கு ஓடி வந்து கம்பியருகில் நின்றேன். எட்டுப் பெண்கள் மேடையில் ஏறினார்கள். அக்கா மட்டும் பின்னந்தலையை ஒரு கையால் தடவிப் பார்த்துக்கொண்டே குனிந்தாள். விசில் அடித்துவிட்டார்கள், குதித்துவிட்டார்கள்.

முதல் நீளத்தில் மூன்றாவதாக வந்தாள். பரவாயில்லை, அவள் எப்போதும் முதலில் கொஞ்சம் விட்டுத்தான் பிடிப்பாள். இரண்டாவது நீளத்தில் இரண்டாவதாக ஏறினாள். என் உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது. சுவரைத் தொட்டுக் குட்டிக்கரணம் போட்டுத் திரும்பினாள். மறுபடி மேலே வந்தபோது தலையில் தொப்பி இல்லை.

சிவப்புத் தொப்பி தனியாகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. கண்ணாடியும் அதோடு போய்விட்டது. பின்னல் முழுசாக அவிழ்ந்து, மூச்சு விட அவள் முகத்தைத் திருப்புகிறபோதெல்லாம் குறுக்கே வந்து விழுந்தது. ஒரு தடவை வாய்க்குள்ளேயே போய்விட்டது, அவள் தலையை உதறியது எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நீந்துகிறாள், எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. உடனே பழைய காவேரிப் புத்தி வந்துவிட்டது. இடது பக்கம் சாய்ந்தாள். இன்னும் சாய்ந்தாள். தோள் கயிற்றில் உரசியது. நாலாவதாகிவிட்டாள்.

எல்லாம் என்னால். நான் தொப்பியை மாட்டியிருந்தால் இது நடக்குமா? அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இப்போதே கத்திச் சொல்லிவிடலாம் என்று. அவள்தான் தண்ணீரில் இருக்கிறாளே, கேட்ட நிமிஷமே தலை முழுகினதாக ஆகிவிடுமே, சட்டப்படி ஒரு குற்றமும் இல்லையே! வாயைக்கூடத் திறந்துவிட்டேன். சத்தம் வரவில்லை.

வந்தது அப்பாவின் சத்தம். பாசுரம் சொல்லிச் சொல்லி இறுகின தொண்டை அது, அத்தனை இரைச்சலையும் அறுத்துக்கொண்டு வந்தது. தூணோரம் இருந்தவர் எப்போது படியிறங்கி வந்தார் என்று தெரியாது, குளத்து விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளோடு கூடவே ஓடினார்.

"வலது கைப் பக்கம் வாம்மா! வலது! இன்னும் வலது!"

அப்பா கத்தி நான் கேட்டதே இல்லை. வீட்டில் பாம்பு வந்தபோதுகூட அவர் மெதுவாகத்தான் சொன்னார். படித்துறையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற காலத்தில் இப்படித்தான் கூப்பிட்டிருப்பாரோ என்னவோ. அக்கா காதில் விழுந்ததா, உடம்பில் விழுந்ததா தெரியவில்லை, கயிற்றைவிட்டு விலகினாள். நேரானாள். கடைசித் திருப்பத்தில் அவள் தலை மேலே வந்தபோது வாய் திறந்திருந்தது. அதற்கப்புறம் அவள் மூச்சு விட முகத்தைத் திருப்பவே இல்லை. திருப்பினால்தானே முடி வரும்? முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்துக்கொண்டு, கையை மட்டும் வீசி வீசி வந்தாள். அம்மா எழுந்து நின்று, மூச்சு விடுடீ, மூச்சு விடுடீ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தவள் சந்தேகமில்லாமல் முதல். அடுத்த மூன்று பேரும் ஒன்றாகச் சுவரைத் தொட்டார்கள். அக்கா கயிற்றில் இரண்டு கையையும் போட்டுத் தொங்கினாள், தலை நிமிரவில்லை. கரையில் கடிகாரம் வைத்திருந்தவர்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள். ஒருவர் தலையாட்டினார், ஒருவர் இல்லை என்றார், மறுபடி பேசினார்கள். எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும் போல இருந்தது. கோச் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மைக்கில் சொன்னார்கள். இரண்டாவது.

கோச் குதித்த குதியில் அவர் செருப்பு ஒன்று குளத்தில் விழுந்தது. அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மற்ற பெண்களை அவரவர் வீட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஜெயிக்காதவர்களைக்கூட. அக்கா துண்டைப் போர்த்திக்கொண்டு எங்களிடம் வந்தாள். கட்டிப்பிடிக்க ஆசையாக இருந்தது, ஆனால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீ வந்துட்டேம்மா, வந்துட்டே என்று மட்டும் அப்பா சொன்னார். நாலு பேரும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற அசலார் மாதிரி ஆளுக்கு ஒரு முழம் தள்ளித் தள்ளி நின்றோம். பதக்கம் போட வந்த பெரிய மனிதர் கையை நீட்டியபோது அக்கா கையைக் கூப்பிக் கழுத்தை மட்டும் நீட்டினாள். என்ன அடக்கம் பாருங்கள் என்று அவர் மைக்கிலேயே பாராட்டினார்.

மத்தியானம் திரும்பினோம். ஆட்டோவில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, வீட்டு வாசலில் இறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். நேரமாகிவிட்டதே, பெரிய தாத்தாவை எடுத்துவிடுவார்களோ என்று பயம். அப்பா திட்டினால் திட்டட்டும். அக்காதான் ஜெயித்துவிட்டாளே.

பாலம் தாண்டி மாம்பழச் சாலையில் திரும்பியதும், அம்மா மண்டபத்தில் நிறுத்துங்கோ என்றார் அப்பா.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், பாப்பா ஜெயிச்சதுக்கு வேண்டுதலுங்களா?"

அப்பா ஆமாம் என்றார்.

படித்துறையில் அவ்வளவாகக் கூட்டம் இல்லை. அப்பா சட்டையைக் கழற்றவில்லை. கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே, கட்டின துணியோட எல்லாரும் முழுகுங்கோ என்று ஆற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார். சாயம் போய்விடும் என்று அந்தப் புடவையை மழை நாளில் கட்டாத அம்மா, அதைக் கட்டிக்கொண்டே பின்னால் இறங்கினாள். அக்கா பதக்கத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, புது டிராக் சூட்டோடு போனாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் எதற்குக் கேட்கிறேன்? எனக்கு வேண்டியதும் அதுதானே.

மூன்று முழுக்கு. தண்ணீர் ஐஸாக இருந்தது. அப்பா மூன்றாவது முழுக்கிலிருந்து எழுந்திருக்க நேரமாயிற்று. எழுந்தபோது அவர் கண் சிவந்திருந்தது, ஆற்று மண் என்று நினைத்தேன். நான் தலையை வழித்துக்கொண்டு நிமிர்வதற்குள் அக்கா என்னை வாரி எடுத்துக்கொண்டுவிட்டாள். எலும்பு நொறுங்குகிற மாதிரி கட்டிக்கொண்டாள். அம்மா வந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அணைத்தாள். அப்பா ஈரக் கையை அக்கா தலையில் வைத்தார், எடுக்கவே இல்லை. மூன்று பேரும் அழுதார்கள். ஜெயித்த சந்தோஷம் இவ்வளவு நேரம் கழித்தா வரும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லோரும் அழுகிறார்களே என்று நானும் அழுதேன், எனக்கு மட்டும் பெரிய தாத்தாவுக்காக.

சொட்டச் சொட்ட ஆட்டோவில் ஏறினோம். சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா ஆட்டோக்காரரிடம், மேலச் சித்திரை வீதிக்குப் போங்கோ என்றார்.

யாருக்கும் தெரியாத அந்தச் செய்தியைத் தேடிக்கொண்டு அப்பாவே அங்கே போகிறாரே, பெருமாள் என்னமாய் நடத்திவைக்கிறார் என்று வாயை மூடிக்கொண்டேன். நல்லவேளை, நான் சொல்லும்படி ஆகவில்லை. இவ்வளவு பெரியவர்கள் மூன்று பேரையும் காலையிலிருந்து நான் ஒருத்தியாக ஏமாற்றிக் காப்பாற்றிவிட்டேனே என்று, அந்த ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே, எனக்குக் கர்வம் தாங்கவில்லை.